மாமன் மடியில் குத்திய காது

"எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொல்லுது ரெங்கா. அதான் இடிக்குது."

சொர்ணவல்லி மேடம் இதை என்னிடம் முணுமுணுத்தபோது, அந்த ஒன்பது வயதுப் பெண் எங்களுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். நான் ரெங்கராஜ். மேடத்துக்கு உதவியாளன், டிரைவர், கோபம் வந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள். மேடம் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் சிறுவர் பிரிவில். இப்போது புதுக்கோட்டையில் ஒரு மாடியறையில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். வருகிற கேஸெல்லாம் 'மாப்பிள்ளை குடிப்பாரா' ரகம். குடிக்காத மாப்பிள்ளை ஒருவரைக்கூட நாங்கள் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

"சரியாச் சொன்னா குத்தமா மேடம்? நான் படிச்ச ஸ்கூல்ல நீங்க டீச்சரா இருந்திருந்தா நான்தான் பர்ஸ்ட் ரேங்க்."

"வாய மூடிக்கிட்டு காதப் பாரு."

"யாரு காத?"

"ஒன் காதப் பாத்து நான் என்ன செய்யப் போறேன்? பிள்ளை காதப் பாரு."

பிள்ளை வந்தது. கறுப்பு, ஒல்லி, ரோஸ் கவுன், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. இரண்டு டம்ளரையும் சிந்தாமல் நீட்டி, "குடிங்க அத்தை, குடிங்க மாமா" என்றாள். எங்களை அவளிடம் சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் என்று சொல்லியிருந்தார்கள். காதில் பளிச்சென்று புதுத் தங்கத் தோடு.

"காது குத்துனப்ப அழுதியா கண்ணு?" என்றார் மேடம்.

"ஆமா அத்தை. நெறைய அழுதேன். ஆத்மநாதன் மாமா மடியில உக்காந்திருந்தேன். விராலிமலைக் கோயில்ல. எனக்கு அப்ப ஒரு வயசு."

ஒரு மூச்சில், நிறுத்தாமல் சொன்னாள். சொல்லிவிட்டு மேடம் முகத்தையே பார்த்தாள். பரீட்சை எழுதிய பிள்ளை மார்க்குக்குக் காத்திருக்கிற பார்வை அது. எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது, அதை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அவளுடைய அப்பா மலையாண்டிதான் எங்கள் கட்சிக்காரர். விராலிமலையில் நான்குவழிச் சாலையோரம் டீக்கடை, கடைக்குப் பின்னால் வீடு. மகள் ஹரிணிக்கு மூன்று வயதாக இருக்கும்போது குவைத் போனார். மறு வருடம் மனைவி அழகு மஞ்சள் காமாலையில் செத்துப் போனாள். பாஸ்போர்ட்டு முதலாளி கையில். அப்புறம் கொரோனா. அப்புறம் விசா கேஸ். அவர் வந்து சேர்வதற்குள் மச்சினன் பிள்ளையை ஓர் இல்லத்தில் தள்ளிவிட்டிருந்தான். இந்த வருடம்தான் ஊர் திரும்பினார். குழந்தைகள் நலக் குழுவுக்கு நடையாய் நடந்து, ஆர்டர் வாங்கி, ஒன்றரை மாதத்துக்கு முன்பு பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறார்.

"ஊரு வாய மூட முடியல மேடம்" என்று எங்கள் ஆபீஸுக்கு வந்து குமுறியிருந்தார். "சாடை இல்ல, நெறம் இல்லங்குறாங்க. எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். திங்கக்கிழமை கமிட்டியிலருந்து வீட்டுக்கு வாராங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், இது என் பிள்ளையா இல்லையான்னு. நல்லாத் துருவிப் பாருங்க. என்ன தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லுங்க."

"டி.என்.ஏ. டெஸ்ட்டு எடுத்தா முடிஞ்சுது. எங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்று கேட்டவன் நான்தான்.

"பெத்த பிள்ளைய டெஸ்ட்டு பண்ணிப் பாத்தவன்னு பேரு வேணாம் தம்பி."

நியாயமான பேச்சு என்று நானும் தலையை ஆட்டினேன். மேடமும் ஆட்டினார்.

இப்போது மேடம் எழுந்து சுவர் ஓரம் போனார். சட்டம் போட்ட பழைய போட்டோ. கோயில் மண்டபத்தில் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அவன் மடியில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தது. ஆசாரியின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

"இதான் அந்த மாமனா? எங்க இருக்காரு?"

மலையாண்டி கண்ணாடி டம்ளரை அலசிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "கொடும்பாளூர்ல. அவன எதுக்கு மேடம்? செத்தவ சாம்பல் ஆறுறதுக்கு முன்னாடி பிள்ளையத் தள்ளிவிட்டவன். அவன் வாயில நல்ல வார்த்தை வராது. அங்கிட்டுப் போகாதீங்க."

"நல்லாத் துருவச் சொன்னீங்களே?"

ஒரு லாரி டிரைவர் டீ கேட்டார், மலையாண்டி அங்கே போய்விட்டார்.

காரில் ஏறியதும் மேடம் பையிலிருந்து வறுகடலையை எடுத்தார். அவர் மூளை ஓடுவதற்குக் கடலைதான் டீசல்.

"காதுல என்ன பாத்த?"

"தோடு. தங்கம். கவரிங் இல்ல."

"நீயெல்லாம் எனக்கு அசிஸ்டென்ட்டு! ரெண்டு தோடும் ஒரே மட்டத்துல நிக்குதுடா. ஸ்கேல் வச்சுப் புள்ளி குத்துன மாதிரி. ஒரு வயசுப் பிள்ளைய மடியில அமுக்கிப் பிடிச்சு, நாலு பேரு கைகாலப் பிடிச்சு, ஆசாரி ஊசியால குத்துனா இவ்வளவு நேரா விழுமா? அந்த போட்டோவுல பிள்ளை துள்ளுற துள்ளலப் பாத்தியா? இது பெரிய பிள்ளையா ஸ்டூல்ல உக்கார வச்சு மெஷின்ல அடிச்ச காது."

"ஆசாரி கெட்டிக்காரனா இருந்திருந்தா?"

"அதத்தான் மாமன்கிட்ட கேக்கப் போறோம்."

ஆத்மநாதன் கொடும்பாளூரில் மூவர் கோயிலுக்குப் போகிற வழியில், தன் வீட்டு வாசலில் கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்தார். மலையாண்டி பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. காது குத்தைப் பற்றிக் கேட்டதும் ஆச்சரியமாகச் சிரித்தார். மேடம் கேட்கப் போவது வேறு என்று பயந்திருந்தார்போல.

"அத ஏன் கேக்குறீங்க! எங்க ஆசாரிக்கு அன்னைக்குக் கை நடுக்கம். இடது காது நல்லாத்தான் குத்துனாரு. வலது காதுல ஊசி வைக்கவும் பிள்ளை துள்ளிருச்சு. கீழ இறங்கிப் போச்சு. தோடு போட்டா ஒண்ணு மேல நிக்கும், ஒண்ணு கீழ தொங்கும். எங்க அழகு அன்னைக்கு முழுக்க அதச் சொல்லியே அழுதுச்சு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தோற்றுப் போகும்போது நான் எப்போதும் வானத்தைத்தான் பார்ப்பேன்.

"அப்பேர்ப்பட்ட பிள்ளையத்தான் இல்லத்துல விட்டீங்களாக்கும்" என்றேன்.

"எனக்கே மூணு பொட்டப்பிள்ளை தம்பி. நாலாவதுக்கு எங்கிட்டுப் போக?"

"அதுக்கு ஆவுடையார்கோவிலத் தாண்டிக் கொண்டு போய் விடணுமா? பக்கத்துல எடம் இல்லையா?"

"பக்கத்துல விட்டா நடந்து வந்துருமே" என்றார் அவர். ரொம்பச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கொடியை எடுத்து உதறினார்.

மேடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

புதுக்கோட்டை தாண்டி அறந்தாங்கி ரோடு பிடித்ததும் மேடம் தானாக ஆரம்பித்தார்.

"வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தப் பிள்ளைகளுக்குன்னு சட்டம் போட்டாச்சு ரெங்கா. அப்பல்லாம் அநாதைப் பிள்ளையும் பாக்கெட் அடிச்ச பிள்ளையும் ஒரே கொட்டடி. எண்பத்தாறுல மாத்துனாங்க. ரெண்டாயிரத்துல மாத்துனாங்க. பதினஞ்சுல மறுபடியும். அநாதை ஆசிரமம்னு இருந்த போர்டு இல்லம்னு ஆச்சு. வார்டன் 'அம்மா'ன்னு ஆயிட்டாங்க. சாம்பார் மட்டும் அதே சாம்பார்."

"தத்து எடுக்குறது?"

"முன்னாடி பங்காளிகளக் கூட்டி வச்சு, பிள்ளைக்கு ஒரு வாய் மஞ்சத் தண்ணி குடுத்தா முடிஞ்சுது. இப்ப கம்ப்யூட்டர்ல பதிஞ்சு, வருஷக்கணக்கா வரிசையில நின்னு, கலெக்டர் ஆர்டர் வாங்கணும். நல்லதுக்குத்தான்டா. மஞ்சத் தண்ணி குடுத்துக் கூட்டிட்டுப் போயி ஆடு மேய்க்க விட்டவன் எத்தன பேர நான் பிடிச்சிருக்கேன் தெரியுமா? சட்டம் இல்லாட்டி இந்தப் பிள்ளைகளுக்கு யாருமே இல்ல."

இதைச் சொல்லும்போது மேடத்தின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

'கருணைக் கூடு' இல்லம் ஆவுடையார்கோவிலுக்கு அப்பால், கருவேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. நாங்கள் போனபோது சுண்டல் நேரம். பெண் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மேடம் அந்த வரிசையின் ஓரமாக மெதுவாக நடந்தார். நானும் நடந்தேன். ஒவ்வொரு காதிலும் ஒரே மாதிரி நட்சத்திர ஸ்டட். ஒவ்வொரு துளையும் ஒரே மட்டம்.

"யாரு குத்தி விட்டது?" என்று மேடம் ஒரு பிள்ளையிடம் கேட்டார்.

"நகைக்கடைக்காரங்க வந்தாங்க மேடம். வரிசையா ஸ்டூல்ல உக்கார வச்சு மெஷின்ல அடிச்சாங்க. அழாம இருந்தவங்களுக்கு சாக்லேட்டு."

"யாரு மடியிலயும் உக்காரலையா?"

அந்தப் பிள்ளை கேள்வி புரியாமல் சிரித்தது.

வார்டன் மீனம்மாள் எங்களை அறைக்குள் அழைத்துப் போனார். ஐம்பது வயசு. கழுத்தில் ஒரு சாவிக்கொத்து. நான் சட்டைப் பையில் இருந்த போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டிருந்தேன். மேடம் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"விராலிமலைக்கு அனுப்புனது யாரு பிள்ளை?"

"ஹரிணி மேடம். மலையாண்டி மக. ஆர்டர் இருக்கு."

"ஹரிணி காது எனக்குத் தெரியும். மாமன் சொல்லிட்டாரு. ஆசாரிகிட்ட ஒரு தடவ குத்துன பிள்ளைய நீங்க எதுக்கு மறுபடியும் ஸ்டூல்ல உக்கார வச்சீங்க? இது ஹரிணி இல்ல. ஹரிணிய என்ன பண்ணீங்க? செத்துப் போச்சா? வித்துட்டீங்களா? நானே கேட்டாச் சொல்லிட்டுப் போயிருவீங்க. போலீஸ் வந்து கேட்டா இந்தச் சாவிக்கொத்து ஒங்க கழுத்துல இருக்காது."

மீனம்மாள் உட்கார்ந்தார். சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். சத்தியமா. கோயம்புத்தூர்ல, நல்ல எடத்துல இருக்கு."

நாலு வருடத்துக்கு முந்தைய கதை அது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி தத்தெடுக்க வந்தார்கள். அவர்களுக்கு ஒதுக்கிய பிள்ளை நித்யா. ஆஸ்பத்திரித் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன பிள்ளை, சொந்தம் என்று யாரும் கிடையாது, சட்டப்படி தத்துக் கொடுக்கலாம். கூட்டிப் போனார்கள். முதலில் கொஞ்சநாள் வளர்த்துப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறதே, இரண்டு மாதம் வளர்த்துப் பார்த்தார்கள்.

"திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க மேடம். ரொம்பக் கறுப்பா இருக்கு, ஒட்ட மாட்டேங்குதுன்னு. அஞ்சு வயசுப் பிள்ளை. போட்டிருந்த புதுக் கவுனக்கூடக் கழட்டி வாங்கிட்டுப் போனாங்க. அன்னைக்குத்தான் ஹரிணியப் பாத்தாங்க. செவப்பா, துறுதுறுன்னு. இது வேணும்னாங்க. ஹரிணிக்கு அப்பா இருக்காரு, தத்துக் குடுக்க முடியாது. ஆனா வருஷக்கணக்கா எவனும் எட்டிப் பாக்கல. செத்துட்டாருன்னே நெனச்சோம். பேர மட்டும் மாத்துனேன். ஹரிணி நித்யாவாப் போச்சு. நித்யா ஹரிணியா இங்க இருந்துக்கிச்சு."

"அப்பன் வந்து நின்னதும்?"

"பயந்துட்டேன். இவளக் கூப்பிட்டு ஒரு வாரம் எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அம்மா பேரு, மாமா பேரு, கோயில் பேரு எல்லாம். நல்லா மனப்பாடம் பண்ணுவா. 'இந்தத் தடவ தப்புப் பண்ண மாட்டேன் அம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் போனா."

எங்கள் ரெண்டு பேருக்கும் இந்தப் பெண்மணிமேல் ஏற்பட்ட ஆத்திரத்தில், அடுத்து அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி அந்த மலையாண்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. ஒங்க கால்ல விழுறேன். மொதல்ல அவரக் கேளுங்க."

"நீங்க ஏமாத்துன ஆளுகிட்டயே ஒங்களுக்கு மன்னிப்பு வாங்கித் தரணுமோ?" என்றார் மேடம். "வா ரெங்கா."

அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம். மேடம் போனை எடுத்தார்.

"திங்கக்கிழமை கமிட்டியே வருதே மேடம். மலையாண்டிகிட்ட சொல்லிட்டு அப்புறம் பேசலாமே?" என்றேன்.

"பெத்தவங்களப் பிரிஞ்ச பிள்ளைன்னு தெரிஞ்சா இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு சட்டம்டா. அதுக்குள்ள அந்தப் பொம்பள எல்லாத்தையும் அழிச்சுருவா. ஒன் ரெக்கார்டிங்க அனுப்பு."

அனுப்பினேன். சும்மாவா அனுப்பினேன்? முன்னால் என் குரலில் ஒரு முகவுரை வேறு. "வணக்கம், சொர்ணவல்லி துப்பறியும் நிலையம். கமிட்டிக்குச் சுடச்சுட ஒரு கேஸ் பார்சல்!" மேடம்கூடச் சிரித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ரெண்டு டிக்கும் நீலமாயின. ஒரே நாளில், ஒரே ஒரு காதை வைத்து, ஒரு கேஸை முடித்த சந்தோஷத்தில் ரெண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

விராலிமலை போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. கடையில் கூட்டம் இல்லை. பிள்ளை பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது, சத்தம் கேட்டது. மேடம் மலையாண்டியின் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மனசத் திடப்படுத்திக்கங்க மலையாண்டி. இது ஒங்க பிள்ளை இல்ல."

அவர் பாய்லர் குழாயை மூடினார். அழவில்லை, கத்தவில்லை.

"எத வச்சுக் கண்டுபிடிச்சீங்க?"

"காது."

"ம்" என்றார். "நானும் காதுலதான் கண்டுபிடிச்சேன்."

மேடத்தின் கை கடலைப் பைக்குள் போனது போனபடி நின்றது.

"குவைத்துலருந்து தோடு வாங்கிட்டு வந்தேன். கூட்டிட்டு வந்த அன்னைக்கே போட்டு விட்டேன். ரெண்டும் நேரா நின்னுச்சு. என் பிள்ளைக்கு நேரா நிக்காது மேடம். அன்னைக்கு அதோட காலப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். மறுநாளே ஆவுடையார்கோவிலுக்குப் போயி அந்தம்மாவப் பிடிச்சு உலுக்குனேன். எல்லாத்தையும் சொல்லுச்சு."

"அப்ப எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?" என்றார் மேடம்.

"கோயம்புத்தூருக்குப் போனேன். ஸ்கூல் வாசல்ல நின்னேன். எங்க அழகு மொகம் அப்படியே. வலது காதுத் தோடு கீழ தொங்குது. கிட்டப் போயிட்டேன். 'வழி விடுங்க அங்கிள்'னுச்சு. விட்டுட்டேன். ஸ்கூட்டர்ல அவங்கம்மா இடுப்பக் கட்டிக்கிட்டு என்னமோ கதை பேசிக்கிட்டே போச்சு. அத இழுத்துக்கிட்டு வந்து நான் என்ன செய்ய? அது அங்கிட்டு நல்லா இருக்கு. இது எங்கிட்டுப் போகும்? வக்கீலக் கேட்டேன். பொண்டாட்டி இல்லாத ஆம்பளைக்குப் பொம்பளப் பிள்ளையத் தத்துக் குடுக்க மாட்டாங்களாம். சரி, ஆர்டர்லதான் என் மகன்னு எழுதியிருக்கே, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அப்பத்தான் பெட்டிஷன் போச்சு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீங்க போலீஸ்ல பிள்ளைக கேஸாப் பாத்தவங்க. ஒங்க கண்ணுக்கே தெரியலைன்னா வேற யாரு கண்ணுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சுதுன்னா, திங்கக்கிழமைக்குள்ள அந்த ஓட்டைய அடைச்சுக்கலாம்னு நெனச்சேன். எப்படியும் மொதல்ல எங்கிட்டதான சொல்லுவீங்க?"

நானும் மேடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மலையாண்டி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிட்டதான மேடம் மொதல்ல சொல்றீங்க?"

சர்வீஸ் ரோட்டில் ஜீப் திரும்பியது. அதன் வெளிச்சம் கடைக்குள் விழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இனி எந்தக் கேஸிலும் நான் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கக் கூடாது, கடவுளே.

இறங்கி வந்தவர் அர்ச்சனா. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், சின்ன வயசு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கூட ஒரு பெண் போலீஸ்.

மேடம் எழுந்து குறுக்கே நின்றார். இத்தனை வருடத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சொன்னார்.

"நான் அவசரப்பட்டுட்டேம்மா. தப்பா விசாரிச்சுட்டேன். இது இவரு மகதான். அந்த வார்டன் பயத்துல ஒளறுனதை எல்லாம் வச்சு..."

அர்ச்சனா தன் போனை எடுத்து அழுத்தினார். 'கமிட்டிக்குச் சுடச்சுட ஒரு கேஸ் பார்சல்!' என்று என் குரல் கடை முழுக்கக் கேட்டது. நான் போய் அதைப் பிடுங்கி உடைத்திருக்கலாம். ஒரு பயனும் இருந்திருக்காது.

"வார்டன் சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டாங்க மேடம்" என்றார் அர்ச்சனா மெதுவாக. "கோயம்புத்தூருக்கும் தகவல் போயிருச்சு. நாளைக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வந்துருவாங்க. கேஸ் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் இல்லத்துலதான் இருக்கணும். வேற இல்லம், நல்ல எடம். நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு."

"அதையுமா?" என்றார் மலையாண்டி. "அத எதுக்கும்மா? அது பாட்டுக்கு இருக்கே. அது பாட்டுக்குத்தான இருக்கு?"

"அது ஒங்க பிள்ளைதானங்க. கோர்ட்டு ஒங்களுக்கே குடுத்தாலும் குடுக்கும்."

"அதுக்கு நான் யாருன்னே தெரியாதும்மா!"

"இந்தப் பிள்ளைய நானே வளக்குறேன்னு இவரு எழுதிக் குடுத்தா?" என்று மேடம் கேட்டார். பதில் அவருக்கே தெரியும். இந்தச் சட்டத்தை எனக்கு அன்று காலைதான் பாடம் நடத்தியவர்.

"தனி ஆம்பளைக்குப் பொம்பளப் பிள்ளைய அனுமதிக்க முடியாதே மேடம். ஏன் அந்த விதி வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாததா? நித்யாவக் கூப்பிடுங்க."

பின்கட்டில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு அவளே வந்தாள். காலையில் போட்டிருந்த ரோஸ் கவுன் இல்லை. இல்லத்துச் சீருடை. வந்த அன்று போட்டிருந்தது, மடித்து வைத்திருந்திருக்கிறாள். அந்த ரோஸ் கவுனையும் மடித்து, ரிப்பன், வளையல் எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கிக் கையில் ஏந்தி வந்து பெஞ்சில் வைத்தாள். காதில் தோடு இல்லை.

"நித்யா, வாம்மா" என்றார் அர்ச்சனா.

அவள் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றாள். நாலு வருடமாக யாரும் அவளை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மலையாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவர் பக்கத்தில் போய், மூடியிருந்த அவர் கையைப் பிரித்து, ரெண்டு தோட்டையும் உள்ளங்கையில் வைத்தாள்.

"திருகாணி ரெண்டும் இருக்கு. தொலைக்கல" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

அவர் அவள் கையை விடவில்லை. பெண் போலீஸ் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியதாயிற்று.

வாசல்படியில் அவள் நின்று சொர்ணவல்லி மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அத்தை என்றவள்.

"மேடம், எந்தக் கேள்விக்குத் தப்பாச் சொன்னேன்?"

நான்தான் சொன்னேன். "எல்லாமே சரியாத்தாம்மா சொன்ன."

"அப்ப ஏன் கூட்டிட்டுப் போறாங்க?"

எதற்கும் ஒரு பதிலை வாயில் தயாராக வைத்திருப்பவன் நான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.